15 வயசுப் பெண்ணுக்கு ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்கிறார்கள், மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

வலைக்கடை அம்மா, காசிமேடு:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காசிமேட்டில் ஒரு வலைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இப்போது தடைக்காலம், ஜூன் 14 வரை படகு கரையில்தான். அதனால் எல்லாரும் வீட்டில் இருக்கிறோம், எல்லாருக்கும் எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து இருக்கிறது. இதை மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து அடிக்கிறேன்.

என் பெண்ணுக்கு வயது பதினைந்தே முக்கால். பத்தாவது முடித்திருக்கிறாள். பதின்மூன்றரை வயதில் பெரியவளானாள். அதிலிருந்து ஒவ்வொரு தடவை வந்த தேதியையும் கடை காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு எழுதுகிறவள் கை சும்மா இருக்காது. முதல் வருஷம் தாறுமாறு, அதை விடுங்கள். அப்புறம் 38 நாள், 41, 52, 44, 61 என்று ஓடியது. கடைசியாக பிப்ரவரி 8. அதற்குப் பிறகு 97 நாள் வரவே இல்லை. பரீட்சைப் பயம், முடிந்தால் தானாக வந்துவிடும் என்றார்கள். பரீட்சை முடிந்து ரிசல்ட் கூட வந்துவிட்டது, இது வரவில்லை.

எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் குழந்தை. ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த அம்மா, வெளியே வரிசையில் இருக்கிறவர்கள் காதிலும் விழுகிற மாதிரி, “ரெண்டு பக்கமும் கட்டி இருக்கு” என்றார். அவ்வளவுதான். ஷேர் ஆட்டோவில் வரும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்கிறாள்: “ராயபுரம் ஆயாவுக்கு வந்துதே, அந்த மாதிரி கட்டியாம்மா?” என் அம்மா மார்பில் கட்டி வந்து செத்துப்போனவர். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் ஒரு லேடி டாக்டர். ரிப்போர்ட்டைப் பார்த்தார், “பி.சி.ஓ.டி., எடையைக் குறைக்கணும்” என்றார். பத்து நாள் மாத்திரை கொடுத்தார், அது முடிந்து மூன்றாம் நாள் வந்துவிட்டது. இப்போது 21 மாத்திரை இருக்கிற பட்டை ஒன்று, மூன்று மாதத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். நாளை இரவு ஆரம்பிக்க வேண்டும்.

வம்பு இங்கேதான். பட்டையின் அட்டையை என் மாமியார் பார்த்துவிட்டார். “இன்னாம்மா இது, தடை மாத்திரைதானே? கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இத்தக் குடுத்தா நாளிக்கி வயித்துல எதனா தங்குமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?” வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நாத்தனார் ஒரு பக்கம், கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்கிறார். பட்டை இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

எனக்குப் பயம் வேறு விதம். எனக்கும் இப்படித்தான். அந்தக் காலத்தில் யாரும் பேர் சொல்லவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. பௌர்ணமி தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்தேன், ஒரு பக்கம் முட்டை வளர மாத்திரையும் சாப்பிட்டேன். எதனால் பிறந்தாள் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அந்த ஐந்து வருஷம் நான் கேட்ட பேச்சை இவள் கேட்கக் கூடாது.

இது நிஜமாகவே கட்டியா? எடுக்க வேண்டுமா? அந்த மாத்திரை தரலாமா? ஸ்கேன் சென்டரில் ‘ஏ.எம்.எச்.’ என்று இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. தடைக்காலத்தில் இரண்டாயிரம் சின்னக் காசு இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி:

அக்கா, பயப்படாதீங்க. கழற்சிக்காய் வாங்கி உடைச்சு, உள்ளே இருக்கிற பருப்போட நாலு மிளகு சேர்த்து இடிச்சு வெறும் வயித்துல மோர்ல குடுங்க. என் தங்கச்சிக்கு ஒரு மண்டலத்துல சரியாயிடுச்சு. இங்கிலீஷ் மாத்திரை எதுவும் தொடலை. நாட்டு மருந்துக் கடையில எல்லா இடத்திலும் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற சிஸ்டர், பழைய வண்ணாரப்பேட்டை:

அம்மாடி, நான் உன்னைவிட ரொம்பப் பெரியவள், ஒருமையில் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்காதே. அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவுகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. அதனால் உன் பெண்ணுக்கு என்ன வியாதி என்று சொல்ல மாட்டேன், என்ன கேட்க வேண்டும் என்று சொல்வேன்.

முதலில் அந்தப் பாழாய்ப்போன ‘கட்டி’. நீ காசிமேட்டுக்காரி, உனக்குச் சொல்வது சுலபம். சினை மீன் அறுத்திருப்பாய். வயிற்றுக்குள் சினைப்பை முழுக்க முட்டை. அதைப் பார்த்து யாராவது மீனுக்குக் கட்டி என்று சொல்வார்களா? நமக்கும் அது சினைப்பைதான், பேரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் ஒரு கூட்டமாக வளர ஆரம்பிக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. அதில் ஒன்று மட்டும் மற்றதை முந்திக்கொண்டு சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். அப்படி விட்டால் இரண்டு வாரத்தில் தீட்டு வரும். பி.சி.ஓ.டி. என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதில் முந்த வேண்டியது முந்துவதில்லை. எல்லாம் 2 முதல் 9 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும். ஸ்கேனில் ஓரமெல்லாம் கறுப்பு மணி கோத்த மாதிரி தெரியும். அதைத்தான் அந்த அம்மா வரிசைக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள். வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு வந்தது வேறு ஜாதி, இது வேறு. இன்றைக்கு ராத்திரியே பெண்ணை எழுப்பியாவது இதைச் சொல்லு.

அடுத்தது, வயசு. பெரியவளாகி எட்டு வருஷம் ஆகிறவரை இந்த ஸ்கேனை வைத்து முடிவு பண்ணக் கூடாது என்று இப்போது வழிமுறை இருக்கிறது. ஏனென்றால் அந்த வயதில் ஒன்றும் இல்லாத பெண்ணுக்கும் சினைப்பையில் மணி மணியாக நிறைய இருக்கும். அது இளம் சினைப்பையின் இயல்பு. ஏ.எம்.எச். என்பது அந்த மணிகள் விடுகிற ஹார்மோனை அளப்பது. அதையும் இந்த வயதுக்குப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். இரண்டாயிரத்தை வைத்துக்கொள்.

அதற்காக உன் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் இல்லை. நீ எழுதி வைத்த தேதிதான் ஸ்கேனைவிடப் பெரிய சாட்சி. பெரியவளாகி ஒரு வருஷத்துக்கும் மூன்று வருஷத்துக்கும் நடுவில் 45 நாள் வரை தள்ளிப்போகலாம், தப்பில்லை. 52, 61 அதைத் தாண்டுகிறது. முதல் வருஷம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை 90 நாளைத் தாண்டினாலும் பார்க்க வேண்டியதுதான். அந்தக் காலண்டரை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போ.

இப்போது நான் கேட்கிறதுக்கு நீ பதில் சொல்லு. பெண்ணுக்குக் கழுத்துப் பின்பக்கம், அக்குள் கறுத்திருக்கிறதா? மேலுதட்டில், தாடையில், தொப்புளுக்குக் கீழே முரட்டு முடி? முகப்பரு சாதாரணமாகவா, வேகமாகவா? டாக்டரிடம் போவதற்கு முன்னால் பார்லரில் மீசை முடியை எடுத்துவிட்டீர்களா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், என் காலத்தில் பாதிப் பெண்கள் டாக்டரைப் பார்க்க வெட்கப்பட்டு முகத்தைத் துப்புரவாகச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவார்கள். டாக்டரும் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்.

வயசுப் பெண்ணுக்கு இந்தப் பேரை வைக்க வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும்: தேதி தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது. அது முடி, பரு வழியாகவும் தெரியலாம், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தும் தெரியலாம். தேதி மட்டும்தான் என்றால் ‘வரக்கூடும்’ என்று எழுதி வைத்து, பின்னால் மறுபடி பார்ப்பார்கள். தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், இந்த மூன்று ஹார்மோனையும் ரத்தத்தில் பார்க்காமல் யாரும் பி.சி.ஓ.டி. என்று முத்திரை குத்தக் கூடாது. தைராய்டு கெட்டாலும் தீட்டு தள்ளும்.

மாத்திரை விஷயம். அந்த டாக்டர் கொடுத்தது தப்பான மாத்திரை இல்லை. இந்த வயதிலும் தருவதுதான். ஆனால் அதைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் குறைவாகக் காட்டும், நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் சரியாகப் பார்க்க முடியும். அதனால் ரத்தத்தை முதலில் எடுக்கலாமா என்று அந்த டாக்டரிடமே போய்க் கேள். ஒரு சுற்று தள்ளி ஆரம்பித்தால் குடி முழுகிப்போகாது. நீயாக முடிவு பண்ணாதே, டிரம்முக்குப் பின்னால் ஒளிக்கவும் ஒளிக்காதே. அவர் நேரம் தரவில்லை என்றால் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, உனக்கு நடை தூரம்.

இன்னொன்று. தானாக வரவில்லையே, வரவழைப்பானேன் என்று உன் மாமியார் கேட்பார். முட்டை வெளியே வராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்தோல் கழியாமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் பின்னாளில் அந்தத் தோலில் புற்று வர வாய்ப்பு கூடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு மேல் விடாதே என்பது.

வலைக்கடை அம்மா, காசிமேடு:

சிஸ்டர், நீங்கள் கேட்டதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கழுத்து கறுப்புதான். இரண்டு வருஷமாக. நான் அதை அழுக்கு என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கடலை மாவு, பயத்த மாவு, எலுமிச்சம்பழத் தோல், எதுவும் போகவில்லை என்றதும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். ஒரு தடவை தோல் உரிந்து ரத்தக் கசிவே வந்துவிட்டது. “ஒழுங்கா குளிக்கிறதே இல்ல, கழுதை” என்று முதுகில் ஒன்று வைத்தேன் வேறு. பள்ளிக்கூடத்திலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதற்கப்புறம் பின்னலை ஒற்றையாகப் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொள்வாள். ஸ்கூலில் இரட்டைப் பின்னல்தான் போட வேண்டும் என்று அதற்கும் ஒரு சண்டை.

மேலுதட்டில் முடி இருக்கிறது. டாக்டரிடம் போகிற அன்றைக்குக் காலையில்தான் எங்கள் தெருக்கோடி பார்லரில் திரெட்டிங் எடுத்தாள். நான்தான் பணம் கொடுத்தேன். டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை, பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பெண்ணை எழுப்பிச் சொன்னேன். சினை மீன் கதையைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். “அப்ப நான் வவ்வால் மீனா, வாளை மீனா?” என்று கேட்கிறாள்.

உயரம் 152, எடை 58. குறைக்கணும் என்று சொன்னார்களே தவிர எப்படி என்று சொல்லவில்லை. இன்றைக்குக் காலையிலிருந்து அவள் பாட்டுக்கு இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாள்.

வியாசர்பாடி, எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி:

அக்கா, நான் உங்கள் பெண் இருக்கிற இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன்னால் இருந்தவள். எனக்கும் 16 வயதில் இதே ஸ்கேன், இதே ‘கட்டி’. ஐந்து வருஷம் எனக்குக் குழந்தையே பிறக்காது என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். 21 வயதில் ஒழுங்காக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே பி.சி.ஓ.எஸ்., அதாவது நாம் பி.சி.ஓ.டி. என்கிறதுதான், இருந்தது. ஆக ஸ்கேன் சொன்னது தற்செயலாகச் சரியாகப் போயிற்று. ஆனால் அந்த ஐந்து வருஷம் எனக்கு யாராவது இதை விளக்கியிருக்கலாம். இப்போது படிப்பே இதைச் சுற்றித்தான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘பாலிசிஸ்டிக்’, அதாவது நிறைய நீர்க்கட்டி என்கிற இந்தப் பேரே ஒரு பழைய தவறு. 1935-ல் சிகாகோவில் இர்விங் ஸ்டீன், மைக்கேல் லெவென்தால் என்று இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஏழே ஏழு பேர். வயிற்றைத் திறந்து பார்த்தபோது சினைப்பை பெரிதாக, நீர்ப்பைகளோடு இருந்தது. ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள், தீட்டு திரும்பியது, இரண்டு பேர் கர்ப்பமானார்கள். கண்ணில் பட்டது நீர்ப்பை என்பதால் அதுவே பேராகிவிட்டது. உங்கள் நாத்தனார் சொல்கிற ஆபரேஷன் அந்தக் காலத்து மிச்சம். இன்சுலினுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுத்தில் வருவதற்கு 1980 ஆகிவிட்டது. கழுத்துக் கறுப்பு அந்த இன்சுலின் வேலைதான். தசை இன்சுலின் பேச்சைக் கேட்கவில்லை என்றால் கணையம் இன்னும் இன்னும் ஊற்றும். தசைக்குத்தான் காது மந்தம், சினைப்பைக்கு நன்றாகக் கேட்கும். அது ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். முட்டை முந்தாமல் நிற்கும். மீசை முளைக்கும். எல்லாம் ஒரே கயிறு. பீர்க்கங்காய் நாரால் எப்படிப் போகும்?

சிஸ்டர் அம்மா சொன்ன எட்டு வருஷக் கணக்கு 2018-ல் வந்த சர்வதேச வழிமுறையில் இருக்கிறது, 2023-ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். மெல்பர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலினா டீட் தலைமையில் வந்தது. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதில் ஏ.எம்.எச். போதும் என்று சேர்த்தார்கள், வயசுப் பெண்களுக்கு இரண்டும் வேண்டாம் என்றார்கள். ஆனால் சர்க்கரைப் பரிசோதனை யாருக்கும் விலக்கில்லை, ஒல்லியாக இருந்தாலும். வெறும் வயிற்றில் எடுப்பது போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதைக் கேளுங்கள்.

நம் நாட்டில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 18 முதல் 40 வயது வரை 9,824 பெண்களைப் பார்த்து 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. 1990-ல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோலை வைத்தால் 7.2 சதவீதம். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்ததை வைத்தால், அதே பெண்களில் 19.6 சதவீதம். நடுவில் இன்னொரு அளவுகோல், அதற்கு 13.6. ஏலத்தில் ஒரே கூடை மீனை மூன்று தராசில் போட்ட மாதிரி. ராட்டர்டாம் கணக்கில் தேதி, ஆண் ஹார்மோன், ஸ்கேன் மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் சேர்த்துவிடுவார்கள், அதனால் எண்ணிக்கை ஏறுகிறது. எந்தத் தராசு என்று சொல்லாமல் “அஞ்சில் ஒரு பெண்ணுக்கு” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள்.

கொருக்குப்பேட்டை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் தீட்டு 97 நாள் கழித்து வந்து அடுத்தது 40 நாளில் தானாகவே வரலாம். நடுவில் கழற்சிக்காய் சாப்பிட்டிருந்தால் பெயர் கழற்சிக்காய்க்குப் போகும், வடிவுடையம்மனுக்கு நடந்திருந்தால் அம்மனுக்குப் போகும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு. முட்டை வளர இப்போது முதலில் தருகிற லெட்ரோசோலுக்கு 750 பெண்களைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதையும் மறு பாதிக்குப் பழைய குளோமிஃபீனையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று தருகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. லெட்ரோசோலில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1. அது வெளியானது 2014-ல். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சமயம் நம் நாட்டில் இந்த உபயோகத்துக்கு லெட்ரோசோலைத் தடை செய்திருந்தார்கள், 2011-லிருந்து. பிறகு நீக்கினார்கள். அக்கா, உங்கள் பெண்ணுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். நாளைக்கு வேண்டுமென்றால் வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்குப் பிறந்ததே, அதுவே சாட்சி.

இரண்டு இட்லியோடு எழுந்திருக்கிறாள் என்றீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பட்டினி கிடந்து 6 கிலோ குறைத்தேன், 9 கிலோ திரும்பி வந்தது. சாப்பிட விடுங்கள். விளையாடுகிறாளா?

மாத்திரைக்கடை, தண்டையார்பேட்டை:

பன்னிரண்டு வருஷமா மெடிக்கல் ஷாப்ல நிக்கிறேன். அந்தப் பட்டையை வாங்க வர்றவங்க குரலைத் தாழ்த்தித்தான் கேப்பாங்க, நாங்களும் கேக்காமலேயே பேப்பர்ல சுத்திக் குடுப்போம். அட்டையில கருத்தடைன்னுதான் போட்டிருக்கும், ஏன்னா கம்பெனி அதுக்குத்தான் தயாரிச்சது. தீட்டு ஒழுங்காகணும்னு டாக்டர் எழுதிக் குடுத்து வாங்குறவங்க எத்தனையோ பேர். நிறுத்தினா முட்டை வெளியே வர்றது பழையபடி ஆகிடும், கர்ப்பப்பை ஒண்ணும் வத்திப்போகாது, பாட்டிகிட்ட சொல்லுங்க. பக்கத்து வீட்டுல அரசாங்கம் இலவசமாத் தர்ற மாலா என் இருக்குன்னு அதை மாத்திக் குடுத்துடாதீங்க. அதுல 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து, மொத்தம் 28. உங்களுக்கு எழுதினது வேற. பொண்ணுக்குக் கண்ணுல பளிச் பளிச்னு மின்னிட்டு ஒத்தைத் தலைவலி வருமா, வீட்டுல யாருக்காவது கால் நரம்புல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.

வலைக்கடை அம்மா, காசிமேடு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை. அங்கே பேச எனக்கு வாய் வராது என்று தெரியும். ராயபுரத்துக்குப் போனோம். காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போக மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா காலண்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரலை வைத்து எண்ணினார். “யாரும்மா இத எழுதினது?” என்றார். கழுத்தைப் பார்த்தார். இந்தத் தடவை பார்லருக்குப் போகாமல்தான் கூட்டிப்போனேன், அதற்கு வீட்டில் ஒரு அழுகை நடந்தது தனிக்கதை. மேலுதடு, தாடை, வயிறு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்து மதிப்பெண் மாதிரி ஏதோ போட்டார். மாத்திரையை இப்போதைக்கு ஆரம்பிக்காதே, ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அடுத்த தடவையும் 90 நாள் தாண்டினால் காத்திருக்காமல் வா என்றார்.

தைராய்டு சரியாக இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் கூடுதல். மற்றது வர வேண்டும். ஆக, சிஸ்டர் சொன்ன இரண்டும் இருக்கிறது போலத்தான். மனசு கனமாகத்தான் இருந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை. அவளே டாக்டரம்மாவிடம், “மேடம், இது சினைதானே, கட்டி இல்லையே?” என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

விளையாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டாவது வரை கபடி ஆடியவள். பெரியவளானதும் என் மாமியார் நிறுத்திவிட்டார், நானும் சரி என்றுவிட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். டாக்டரம்மா தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடணும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை வீட்டுக்காரர் வாங்கி மாமியாரிடம் படித்துக் காட்டினார். தடைக்காலம் முடிந்து நாளை ராத்திரி படகு இறங்குகிறது, போவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்தார். மாமியார், “ஆடட்டும், ஆனா தெருவுல வேணாம், ஸ்கூல்ல ஆடட்டும்” என்கிறார். இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது.

மாத்திரைக்கடை தம்பி, ஒற்றைத் தலைவலி என் தங்கைக்கு உண்டு, அதையும் சொல்லிவிட்டேன், குறித்துக்கொண்டார்.

வியாசர்பாடிப் பெண்ணே, ஒரு சந்தேகம். திங்கட்கிழமை அந்தக் குளுக்கோஸ் பரிசோதனை. போன தடவை அந்தத் தண்ணீரைப் பாதி குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் பிழியலாமா?

வியாசர்பாடி, எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி:

பிழியலாம் அக்கா, நிறைய லேப்களில் அவர்களே பிழிந்து தருவார்கள், ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையோ உப்போ சேர்க்காதீர்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் குமட்டல் குறையும். மடமடவென்று குடிக்க வேண்டாம், ஐந்து நிமிஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். அப்புறம் அந்த இரண்டு மணி நேரம் வெளியே எங்கும் நடக்க விடாதீர்கள், உட்கார்ந்தே இருக்கணும். படிக்க ஏதாவது கையில் கொடுத்து அனுப்புங்கள்.